பாஸ்காவுக்கு அப்புறம்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த இந்தப் பங்கில் தவக்காலம் ஒன்பது ஆண்டுகளும் பதினொரு வாரமும் நீடித்தது. மற்ற பங்குகளில் அது வழக்கம்போல நாற்பது நாளில் முடிந்து, பாஸ்கா என்கிற உயிர்ப்புப் பெருவிழா வந்து, வெள்ளை உடை, பூ, மணி, அல்லேலூயா எல்லாம் முறைப்படி நடந்தன. ஆற்றுக்கு அப்பால் இருக்கும் அடுத்த பங்கில்கூட நடந்தன. பாலத்தின் மேல் நின்றால் அவர்களுடைய மணி கேட்கும். இங்கே மட்டும் தவக்காலத்துக்காகப் புனிதர்களின் சுரூபங்களை மூடிய ஊதாத் துணி மூடியபடியே இருந்தது. மறைமாவட்டத் தலைவரான ஆயரின் இல்லத்திலிருந்து வந்த விசாரணைக் குழு மூன்று நாள் தங்கி, நன்றாகச் சாப்பிட்டு, இதற்கெல்லாம் சுவரில் ஏறிய ஈரம்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. ஈரம் காரணமில்லை. காரணம் இன்னதென்று அன்று கோயிலில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒன்பது வருஷம் மென்று விழுங்கினோம்.

கோயில்பிள்ளை என்பது அவருடைய வேலை. நாளாவட்டத்தில் அதுவே அவர் பெயரும் ஆகிவிட்டது. கோயிலைத் திறப்பது, பூட்டுவது, திரி ஏற்றுவது, மணி அடிப்பது, சாமியாருக்கு அன்றன்றைக்கு உரிய உடையை எடுத்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. திருவுடை அறையில் ஒரு பெரிய மர அலமாரி உண்டு, அதில் ஐந்து இழுப்பறைகள். திருச்சபையின் ஆண்டு முழுவதும் அந்த ஐந்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா, பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் வெள்ளை, ரத்தம் சிந்தியவர்களுக்கும் தூய ஆவிக்கும் சிவப்பு, விசேஷம் ஒன்றும் இல்லாத நீண்ட பொதுக்காலத்துக்குப் பச்சை, ஆண்டில் இரண்டே ஞாயிறு வெளியே வரும் ரோஜா நிறம். எந்த இழுப்பறையைத் திறக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு நாட்காட்டி எதற்கு என்பார். அவர் மனைவி பீடத்துணிகளை வெளுத்து இஸ்திரி போடுகிறவர். அவரை எல்லோரும் இஸ்திரியம்மா என்றுதான் கூப்பிட்டோம். பூசைப் பாத்திரம் துடைத்த துணிகளின் முதல் அலசு நீரைச் சாக்கடையில் விடக் கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த நீரை அவர் முப்பது வருஷமாகத் தன் வாசல் மண்ணில் ஊற்றிவந்தார். யாரும் பார்க்காத நாளிலும் அப்படித்தான் செய்தார். இந்தப் பங்கில் யாரும் பார்க்காதபோதும் விதியைக் காத்தவர்கள் அந்த இரண்டு பேர்தான் என்று இப்போது தோன்றுகிறது.

மணிக்கூண்டு கோயிலின் இடப்பக்கச் சுவரோடு ஒட்டிக் கட்டப்பட்டது. அதன் கதவு வெளி முற்றத்தில் திறக்கும். கயிற்றைத் தரையிலிருந்து இழுத்தால் மணி சரியாக விழாது. ஏணியில் ஏறி, இரண்டாம் தட்டில் பலகைமேல் நின்று இழுக்க வேண்டும். அந்தப் பலகையைத் தாங்கிய உத்திரம் உளுத்துப் போயிருந்தது. கோயில்பிள்ளை அதைத் திருவருகைக் காலத்தில் ஒருமுறை பங்குச் சாமியாரிடம் சொன்னார். பொதுக்காலத்தில் ஒருமுறை சொன்னார். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட கையோடு, உத்திரத்திலிருந்து உதிர்ந்த மரத்தூளை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டுபோய் மேசைமேல் வைத்தே சொன்னார். அந்தச் சாமியார் அப்போது பீடத்துக்குப் பளிங்கு பதித்துக்கொண்டிருந்தார். பதித்து முடிக்கும் முன்பே ஊர் அவருக்குப் பளிங்குச் சாமியார் என்று பேர் வைத்துவிட்டது. பாஸ்காவுக்குள் பளிங்கு பளபளக்க வேண்டும், ஆயர் வருகிறார். உத்திரத்தை யார் அண்ணாந்து பார்க்கப்போகிறார்கள்? மூன்று முறையும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "பாஸ்காவுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

பாஸ்காவுக்கு முந்தைய பெரிய வியாழன் மாலைப் பூசையில் வானவர் கீதம் பாடும்போது எல்லா மணிகளும் ஒலிக்க வேண்டும்; பாட்டு முடிந்ததும் மணிகள் நின்றுவிட வேண்டும். அதன்பிறகு சனிக்கிழமை இரவு நடக்கும் பாஸ்காத் திருவிழிப்பு வரை மணிச்சத்தமே கூடாது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். கோயிலுக்குப் போகிற குழந்தைக்குக்கூட இது தெரியும். அன்று பாட்டு முடிய இரண்டு வரி இருக்கும்போது மணி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ கனமாக விழுந்தது. ஆர்மோனியக்காரர் கொஞ்சம் வேகத்தைக் கூட்டி அந்த இரண்டு வரியையும் முடித்தார். மணி நிற்க வேண்டிய நேரம், மணி நின்றது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? வேறெந்த நாளில் நின்றிருந்தாலும் யாராவது எழுந்து போயிருப்பார்கள். சடங்கை நன்றாக அறிந்தவர்கள் என்பதால்தான் நாங்கள் எழுந்து போகவில்லை. பளிங்குச் சாமியார் ஒரு கணம் இடப்பக்கச் சுவரைப் பார்த்தார். பிறகு கைகளை விரித்து, மன்றாடுவோமாக என்றார்.

அதற்கப்புறம் வாசகங்கள், பிரசங்கம், பாதம் கழுவுதல். ஆண்டவர் பணியாளனைப்போலக் குனிந்ததன் நினைவாகச் சாமியார் குனிந்து பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவினார். பன்னிரண்டு பேரும் பங்குப் பேரவை உறுப்பினர்கள். எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்திருந்தோம். பத்தடி தள்ளி, அந்தச் சுவருக்குப் பின்னால், பணியாளர் ஒருவர் தொடை எலும்பு முறிந்து ரத்தத்தில் கிடந்தார். நற்கருணைப் பவனி அந்தச் சுவரை உரசிக்கொண்டே போனது. பிறகு மண்டியிட்டு, ஒருமணி நேரமாவது என்னோடு விழித்திருக்கக் கூடாதா என்று ஆண்டவர் கேட்டதைச் சிந்தித்தோம். கண்ணீர்கூட விட்டோம்.

கணவர் சாப்பிட வரவில்லையே என்று தேடிப்போன இஸ்திரியம்மாதான் மணிக்கூண்டுக் கதவைத் திறந்தார். கோயில்பிள்ளைக்கு உயிர் இருந்தது. பாட்டு முடிந்ததும் கடைசியாக மூன்று அடி மெதுவாக அடித்து நிறுத்துவது அவர் பழக்கம். "மூணு அடி அடிக்கல" என்று சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. முதல் ஒருமணி நேரத்தில் கொண்டுவந்திருந்தால் நொண்டிக்கொண்டாவது நடந்திருப்பார் என்றார் டாக்டர். மறுநாள் பெரிய வெள்ளி. அந்த நாட்களில் அடக்கப் பூசை வைக்க முடியாது, அது விதி. ஆனால் செபம் சொல்லலாம், உடலைக் கோயிலுக்குள் கொண்டுவரலாம், ஊருக்குச் சொல்லலாம். பளிங்குச் சாமியார் விதியின் முதல் பாதியை மட்டும் படித்துக்காட்டினார். மூன்று மணிக்குத் திருச்சிலுவை ஆராதனை இருக்கிறது, தரையெல்லாம் துடைத்தாகிவிட்டது, இப்போது புதைத்துவிடுங்கள், பூசையைப் பாஸ்காவுக்கு அப்புறம் சிறப்பாக வைத்துக்கொள்ளலாம் என்றார். காதும் காதும் வைத்தாற்போல நான்கு பேர் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள். மணி அடிக்கவில்லை. அடிக்கவும் ஆளில்லை.

சாவுப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் நெஞ்சுவலி என்று எழுதப்பட்டது. சாமியார் சொன்னார், எழுதினவன் நான். பங்கு அலுவலகத்தில் அப்போதும் நான்தான் எழுத்தர், இப்போதும் நான்தான். கை நடுங்கியது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மற்ற எழுத்துக்களைப்போலவே அழகாகத்தான் விழுந்தது. பாஸ்கா முடியட்டும், திருத்திக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

சனிக்கிழமைத் திருவிழிப்பில் முற்றத்தில் புதுத்தீ மூட்டினார்கள். தீ நன்றாக எரிந்தது. அதில் ஏற்ற வேண்டிய பெரிய மெழுகுதிரியான பாஸ்காத் திரி மட்டும் பற்றவில்லை. திரியைத் தீக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள், மெழுகு உருகவும் இல்லை. பளிங்குச் சாமியார் பொன் சரிகை போட்ட வெள்ளை உடையில்தான் வாசலில் நின்றார். படியைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் உடை ஊதாவாகிவிட்டது. வானவர் கீதத்துக்கு வாயைத் திறந்த பாடகர் குழுவுக்குக் குரல் எழவில்லை. சுரூபங்களின் துணியை இழுத்தால் வரவில்லை. தோல்போல ஒட்டியிருந்தது, கத்தரி வைத்தால் கத்தரி வளைந்தது. அல்லேலூயா என்ற சொல்லை ஆயரே மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் இருமல்தான் வந்தது. விடிந்து பார்த்தால், வியாழக்கிழமை கோயிலில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் நெற்றியிலும் திருநீற்றுப் புதனன்று பூசி, கழுவி, மறந்துபோன சாம்பல் சிலுவை திரும்பி வந்திருந்தது. முந்நூற்றுப் பதின்மூன்றாவதாக இஸ்திரியம்மா நெற்றியிலும் இருந்தது, அவர் அன்று பூசைக்கே வரவில்லை என்றாலும்.

மனிதன் எதற்கும் பழகிக்கொள்வான் என்பதற்கு இந்தப் பங்கு நல்ல சாட்சி. முதல் வருஷம் சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் என்று நெற்றியைத் தேய்த்தோம். இரண்டாம் வருஷம் பெண்கள் முன்முடியை வெட்டிக்கொண்டார்கள், ஆண்கள் தொப்பி வாங்கினார்கள். கடைத்தெருவில் தொப்பிக்கடை மூன்றானது. பொதுக்காலத்துப் பச்சை உடையை எடுத்தால் வழியிலேயே ஊதாவாகும், பெந்தகோஸ்துச் சிவப்பும் அப்படியே. இஸ்திரியம்மா அலசி ஊற்றிய தண்ணீரால் அவர் வாசல் மண்ணே ஊதாவாகிப் போனது. கிறிஸ்து பிறப்புக்குக் குடிலில் குழந்தையை வைத்தால், வைத்த கணத்தில் ஊதாத் துணி அதை முகத்தோடு சுற்றிக்கொள்ளும். கல்யாணப் பெண்கள் வெள்ளை உடுத்தி வந்து ஊதாவில் திரும்பினார்கள். பிறகு எல்லோரும் கல்யாணத்தை ஆற்றுக்கு அப்பால் வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து எரிகிற பாஸ்காத் திரியைக் கண்ணாடிக் கூண்டில் வைத்துக் கொண்டுவந்தபோது அது பாலத்தின் நடுவில், காற்றே இல்லாத நேரத்தில், அணைந்தது. பளிங்குச் சாமியார் ஆயர் இல்லத்தில் பெரிய பதவி கிடைத்து மாறிப்போனார். அங்கே அவர் எப்போதும் தொப்பியோடுதான் இருக்கிறார், தூங்கும்போதுகூட, என்று சமையல்காரர் சொல்லக் கேள்வி. அடுத்து வந்த வயதான சாமியார் வந்த நாளிலிருந்து இருமினார். எதையும் கண்டும் காணாமல் ஏழு வருஷம் ஓட்டிவிட்டு ஓய்வுக்குப் போனார்.

இதற்கிடையில் இஸ்திரியம்மாவின் நெற்றி மட்டும் முதல் வாரத்திலேயே சுத்தமாகிவிட்டது. அவர் கடைத்தெருவில், காய்கறித் தராசுக்கு முன்னால் நின்றுகொண்டு, எல்லோரும் கேட்கச் சொன்னார்: "மணி நின்னது எனக்குக் கேட்டுச்சு. கடைசி மூணு அடி வரல, அதுவும் தெரிஞ்சுது. இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கே, சனிக்கிழமைத் துணிய முடிச்சிரலாம்னு நின்னுட்டேன். நான் போகல." சொல்லி முடித்ததும் சாம்பல் உதிர்ந்து தக்காளிமேல் விழுந்தது. அத்தனை பேரும் பார்த்தோம். வழி என்னவென்று அதைவிடத் தெளிவாக யாருக்கும் காட்டப்பட்டதில்லை. நாங்கள் என்ன செய்தோம்? ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து, ஒரே குரலில், சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும் பாவம் செய்தோம் என்று மார்பில் அடித்துக்கொண்டோம். எப்போதும் அடிப்பதைவிட இரண்டு மடங்கு சத்தமாக அடித்துக்கொண்டோம். ஒருவர் நெற்றியிலிருந்தும் ஒரு துகள்கூட விழவில்லை. கூட்டத்தோடு சொல்லும்போது அந்தச் சொற்கள் எவ்வளவு சுகமாக இருக்கின்றன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது, புரிந்து எரிச்சல் வந்தது.

ஒவ்வொரு ஆண்டும் பெரிய சனிக்கிழமை காலையில் இஸ்திரியம்மா வெள்ளைப் பீடத்துணியைச் சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பங்கு அலுவலகத்துக்கு வருவார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். என் புருஷன் எப்படிச் செத்தார் என்று பீடத்திலிருந்து சொல்லுங்கள், சொல்லிவிட்டு அவருக்கு ஒரு பூசை வையுங்கள். காசு கேட்கவில்லை, போலீஸுக்குப் போகவில்லை. பாஸ்கா வரட்டும்மா, வந்ததும் முதல் காரியம் அதுதான் என்று முதலில் பளிங்குச் சாமியாரும் பிறகு இருமல் சாமியாரும் சொல்வார்கள். நான் பக்கத்து மேசையில் குனிந்து ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன். எழுத ஒன்றும் இல்லாத வருஷத்திலும் எழுதினேன். அவர் துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார். எட்டாவது சனிக்கிழமை வந்தபோது அவருக்குக் கண் பாதி மங்கியிருந்தது; மேசையைத் தடவித்தான் நின்றார். என்னைப் பார்த்து, "எழுத்தரே, நான் கண்ண மூடுறதுக்குள்ள பாஸ்கா வந்துருமா?" என்று கேட்டார். அப்போதும் நான் தலையை நிமிர்த்தவில்லை.

பிறகு சைக்கிள் சாமியார் வந்தார். முப்பது வயதுகூட இல்லை. ஆயர் இல்லத்தில் ஏதோ எதிர்த்துப் பேசியதால் தண்டனையாக இங்கே போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். வந்த வாரமே வீடு வீடாகப் போய் என்னதான் நடந்தது என்று கேட்டார். எல்லோரும் ஈரத்தைப் பற்றிச் சொன்னோம். கடைசியில் இஸ்திரியம்மா வீட்டுக்குப் போய், ஊதா மண்ணில் சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வரும் ஞாயிறே பீடத்திலிருந்து நான் சொல்லிவிடுகிறேன் என்றார். இஸ்திரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"நீங்க அன்னிக்கு அங்க இல்லியே சாமி. நீங்க சொன்னா அது கதை. இருந்தவங்க சொல்லணும்." ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார். "அவரு சொல்வாரு, திருவருகைக் காலம்னா காத்திருக்கிறது, தவக்காலம்னா திரும்பிப் பாக்கறது, பாஸ்கான்னா எந்திரிக்கிறதுன்னு. இவங்க யாரும் திரும்பிப் பாக்கல. பின்ன எப்படி எந்திரிக்கிறது?"

சாமியார் அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்து வந்த பெரிய வியாழனன்று வானவர் கீதம் வழக்கம்போல அந்த இரண்டு வரிக்கு முன்னால் நின்றது. ஒன்பது வருஷமாகவே அது அங்கேதான் நின்றது. சாமியார்கள் தொண்டையைக் கனைத்துவிட்டு, மன்றாடுவோமாக என்று தாண்டிப் போய்விடுவார்கள். இவர் தாண்டவில்லை. போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "மணி நின்னதுக்கு அப்புறம் என்ன கேட்டுச்சு? கேட்டவங்க சொல்ற வரைக்கும் இந்தப் பூசை இங்கயேதான் நிக்கும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. நாங்கள் ஒருமணி நேரம் உட்கார்ந்திருந்தோம், பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனோம்.

பூசை முடியவில்லை. முடியாத பூசையிலிருந்து வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று மறுநாள்தான் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கடிகாரங்கள் ஓடின, தேதி மாறியது, ஆனால் எந்த வேலையும் முடியவில்லை. தையற்காரர் கடைசிப் பித்தானைத் தைத்தார், தைத்தார், அது கடைசிப் பித்தானாகவே இருந்தது. சவரத்துக்கு உட்கார்ந்தவர்கள் பாதி முகத்தோடு எழுந்தார்கள். சோறு கொதித்தது, வேகவில்லை. மருந்துக்கடைக்காரர் மாத்திரைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் நான்காம் பாடவேளை நாள்கணக்கில் நடந்தது. முப்பத்து மூன்று நாள் இப்படியே போனது. ஆயர் இல்லத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன. சாமியார் அவற்றைப் படிக்கத் தொடங்கி முடிக்க முடியாமல் வைத்துவிட்டார். அவர் நாற்காலியில் இருந்தார், இஸ்திரியம்மா கடைசி வரிசையில் மடிமேல் துணியோடு இருந்தார். வெந்தும் வேகாததைத் தின்றுகொண்டு மற்றவர்கள் ஊதா வெளிச்சத்தில் வருவதும் போவதுமாக இருந்தோம். உண்மையைச் சொன்னால், கடைசியில் எங்களைப் பேசவைத்தது மனச்சாட்சி இல்லை, பசிதான். அதையும் எழுதிவைக்க வேண்டும்.

முப்பத்து மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. மதியம் ஆர்மோனியக்காரர் எழுந்தார். "தடால்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நிறுத்தினா பாட்டு கெட்டுரும்னு வேகமா வாசிச்சேன்" என்றார். அவர் நெற்றிச் சாம்பல் ஆர்மோனியக் கட்டைகள்மேல் உதிர்ந்தது. அவருக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர், பிறகு தையற்காரர், பிறகு நீளமாக ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. ஒருவருக்குக் கேட்டிருந்தது, ஒருவர் மனைவியிடம் என்ன சத்தம் என்று கேட்டிருந்தார், மனைவி பேசாமல் இருங்கள் என்றிருந்தாள், ஒருவர் மணல்மூட்டை என்று நினைத்தார், ஒருவர் நினைக்கவே இல்லை. தரையெல்லாம் சாம்பலாக, மிதித்து மிதித்துக் கறுத்தது. என் முறை வந்தபோது பதிவேட்டைக் கொண்டுபோய்ப் பிரித்து, நெஞ்சுவலி என்று எழுதியது பொய், எழுதியவன் நான் என்றேன். சாம்பல் உதிரவில்லை. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் இருந்தது, அது எனக்குத் தெரியும்.

"பாதம் கழுவுறப்போ நான் ஒன்பதாவது ஆள். சுவத்துப் பக்கம் உக்காந்திருந்தேன். சுவத்துல யாரோ தட்டினாங்க. மூணு தடவ, நிறுத்தி, மறுபடி மூணு தடவ. சாமி என் காலத் தொடச்சிக்கிட்டிருந்தாரு. ஜன்னல் கதவா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அன்னிக்குக் காத்தே இல்ல."

இதை ஒன்பது வருஷத்தில் என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. சாம்பல் திறந்திருந்த பதிவேட்டின்மேல் விழுந்தது. இஸ்திரியம்மா பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் அழுத சத்தம் மட்டும் கேட்டது, ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக.

கடைசியாக வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பளிங்குச் சாமியார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவர் நெற்றிச் சாம்பல் புண்ணாகி நீர் வடிந்தது. பீடத்தருகே நின்று, துன்பத்தின் மறைபொருளைப் பற்றி, நம் எல்லோருடைய பலவீனத்தைப் பற்றி, நன்றாகத்தான் பேசினார். குரல் அன்றைக்கு இருந்ததைப் போலவே இனிமையாக இருந்தது. எதுவும் நடக்கவில்லை. இஸ்திரியம்மா கடைசி வரிசையிலிருந்து எழுந்து, பெஞ்சுகளைத் தடவிக்கொண்டு அவர் முன்னால் வந்தார்.

"உத்திரம் உளுத்துப் போச்சுன்னு அவரு எத்தன தடவ சொன்னாரு சாமி?"

"மூணு தடவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பளிங்குச் சாமியார் தரையைப் பார்த்தார். அவர் பதித்த பளிங்கு அது. "பாஸ்காவுக்கு அப்புறம்னு சொன்னேன்மா" என்றார். "சத்தமும் கேட்டுச்சு. என்னன்னு எனக்கு அப்பவே தெரியும். ரெண்டு நாள்ல ஆயர் வர்றாரு, எதுவும் கெடக் கூடாதுன்னு நெனச்சேன். நான் செபத்த ஆரம்பிச்சிட்டேன்."

சுரூபங்களின் துணிகள் எல்லாம் ஒன்றாகக் கீழே விழுந்தன, ஒன்பது வருஷத்துத் தூசியோடு. சைக்கிள் சாமியாரின் உடை தோளிலிருந்து கீழ்நோக்கி வெள்ளையானது. பாஸ்காத் திரி யாரும் தொடாமல் எரிந்தது. பாடகர் குழு விட்ட இடத்திலிருந்து அந்த இரண்டு வரியையும் பாடியது. வீடுகளில் சோறு ஒன்றாக வெந்து பொங்கி அடுப்பை அணைத்த வாசனை கோயில் வரை வந்தது. பளிங்குச் சாமியார் மண்டியிட்டு, மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா என்று கேட்டார். இஸ்திரியம்மா அவரைத் தாண்டிப் போய், பீடத்தின்மேல் வெள்ளைத் துணியை விரித்து, ஓரங்களைக் கையால் நீவிச் சரிசெய்தார். "மன்னிக்கிறது எனக்கு இன்னும் வரல. வர்றப்போ சொல்லி அனுப்புறேன்" என்றார். "இப்போ அவருக்குப் பூசைய வைங்க." வைத்தார்கள். எல்லோரும் இருந்தோம். அல்லேலூயா என்ற சொல் வாயிலிருந்து வந்தபோது அதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது.

இஸ்திரியம்மா அதன்பின் நான்கு வருஷம் இருந்தார். சொல்லி அனுப்பவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பதிவேட்டில் நான் பழைய வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுதினேன், ஓரத்தில் இடம் போதாமல் தனித்தாளும் ஒட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து இந்தப் பங்குக்கு மட்டும் பாஸ்கா ஒரு செவ்வாய்க்கிழமையில், மற்றவர்களுக்கு முப்பது நாள் கழித்து வருகிறது. முதலில் ஆயர் இல்லம் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது மறைமாவட்ட நாட்காட்டியிலேயே அடிக்குறிப்பாகப் போட்டுவிட்டார்கள். உத்திரத்தை மாற்றியாகிவிட்டது, மணியையும் இறக்கி முற்றத்தில் வைத்தாகிவிட்டது, கூண்டு காலி. பெரிய வியாழனன்று பாடகர் குழு மணி இல்லாமலே வானவர் கீதம் பாடும். முடிந்ததும் சாமியார் காத்திருப்பார். யாராவது ஒருவர் எழுந்து, பக்கவாசல் வழியாக வெளியே போய், மணிக்கூண்டுக் கதவைத் திறந்து உள்ளே பார்ப்பார். அப்போது காலிக் கூண்டிலிருந்து மூன்று அடி மெதுவாகக் கேட்கும். போனவர் திரும்பி வந்து, "பாத்துட்டேன், யாரும் இல்ல" என்று சொன்ன பிறகுதான் சாமியார் கைகளை விரிப்பார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்கிறார்கள். பூசையில் இதுவும் ஒரு பகுதி என்று சொல்லிவிடுகிறோம். இந்த ஆண்டு போய்ப் பார்க்கும் முறை என்னுடையது.